நார்மல் குழுவில் ஒருவர் குறைவு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்:

பேராசிரியர். திரைக்குப் பக்கத்தில் நின்றார், கையில் சிவப்புப் புள்ளி அடிக்கும் பேனா.

என் அக்கா. அவருக்குக் கீழே வேலை செய்யும் ஆய்வாளர். முதல் வரிசை ஓரத்தில், மடியில் லேப்டாப்போடு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி.

ஊசியக்கா. ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுப்பவர். எனக்குச் சொந்தம் ஒன்றுமில்லை. அங்கே கையை நீட்டுகிற எல்லோருக்கும் அவர் ஊசியக்காதான்.

அம்மா. சக்கர நாற்காலியில், இடுப்பில் பட்டை.

மாமா. அம்மாவின் தம்பி. காரை ஓட்டி வந்தவர், அதனால் கூட்டத்தில் தூங்கும் உரிமை தனக்கு உண்டு என்று நினைப்பவர்.

எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் ஆடிக்கொண்டிருக்கும் ஒருவர், அவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர், இரண்டு பேரையும் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கும் ஒருவர்.

கடைசி வரிசையில் நான். ராத்திரி வேலை முடிந்து நேராக வந்திருந்தேன். குளிர்பதனக் கிடங்கில் கொடுக்கிற தடித்த கோட்டை இன்னும் கழற்றவில்லை. வெளியே வெயில். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

அம்மாவுக்கு இருப்பது ஹன்டிங்டன் நோய். மூளைக்குள் ஆழத்தில், உடம்பின் அசைவுகளுக்குக் கடிவாளம் போடுகிற இடம் ஒன்று உண்டு. அது கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே வரும். அப்புறம் கை தன் இஷ்டத்துக்கு எழும், கால் தன் இஷ்டத்துக்கு உதைக்கும், நாக்கு வார்த்தைகளை மென்று துப்பும். அம்மாவுக்கு எல்லாம் சாவியில்தான் ஆரம்பித்தது. வீட்டுப் பூட்டில் சாவி நுழையவில்லை. துளையைச் சுற்றிச் சுற்றி உரசும். பூட்டு கெட்டுப்போச்சு என்று பூட்டை மாற்றினாள். புதுப் பூட்டும் கெட்டுப்போச்சு என்று அதையும் மாற்றினாள். மூன்றாவது பூட்டும் கெட்டுப்போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ரத்தம் கொடுத்தால் மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகு செய்ய ஒன்றும் கிடையாது, குணமாக்கும் மருந்து இல்லை. காத்திருக்க வேண்டியதுதான். நான் பார்க்க வேண்டாம் என்று முடிவு செய்தேன். அக்காவும் அப்படியே. கையில் அடித்துச் சத்தியம் செய்கிற வகை நாங்கள் இல்லை. சமையலறையில் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "நீ பாக்காத, நானும் பாக்கல," என்றாள். "சரி," என்றேன். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

அந்த "சரி"யின் மேல்தான் என் வாழ்க்கையைக் கட்டினேன். கட்டினேன் என்பதைவிட, கட்டாமல் விட்டேன் என்பது சரி. உயிர்வேதியியலில் ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டேன். என் கையே எனக்குக் கட்டுப்படாமல் போகப்போகிறது என்றால், சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றுகிற படிப்பு எதற்கு? ராத்திரி வேலையாகப் பார்த்துச் சேர்ந்தேன். கிடங்கின் குளிர் அறைகள் சூடாகாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பகலில் அம்மாவோடு நான், ராத்திரியில் அக்கா. நாங்கள் இரண்டு பேரும் வாசலில்தான் சந்திப்போம், அம்மாவைக் கைமாற்றிக்கொள்ள.

அக்கா மட்டும் படிப்பை விடவில்லை. அவள் நேராக அந்த நோயையே துரத்திக்கொண்டு போய்ப் பேராசிரியரிடம் சேர்ந்தாள்.

அவர்கள் ஆராய்ச்சி செய்வது ஓர் அமிலத்தைப் பற்றி. முட்டையிலும் பாலிலும் பருப்பிலும் டிரிப்டோஃபான் என்று ஒரு சமாச்சாரம் இருக்கிறது. உடம்புக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் உடம்பு அதை உடைத்துக்கொண்டே போகும்போது வழியில் ஓரிடத்தில் குயினோலினிக் அமிலம் உண்டாகிறது. துளி இருந்தால் தொந்தரவில்லை. மூளையில் அளவு மீறினால், நரம்புச் செல்லை விடாமல் உசுப்பும், உசுப்பி உசுப்பியே கொன்றுவிடும். எலியின் மூளையில் சரியான இடம் பார்த்து அதை ஊசியால் செலுத்தினால், அம்மாவுக்கு எந்தச் செல்கள் செத்தனவோ ஏறக்குறைய அதே செல்கள் அங்கேயும் சாகும். வெளியிலிருந்து வருகிற விஷம் இல்லை. வீட்டுக்குள்ளேயே தயாராவது.

அக்கா அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தாள், குயின் என்று ஆரம்பிக்கிற பெயர் என்பதால். அம்மாவும் விடமாட்டாள். அக்கா உள்ளே நுழையும்போதே, "உன் மகாராணி இன்னைக்காவது தரிசனம் குடுத்தாளா?" என்பாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரமாகும். நாங்கள் காத்திருந்து சிரிப்போம்.

ஆய்வுக்கு எங்கள் குடும்பமும் ரத்தம் கொடுத்தது. மரபணுவையும் பார்ப்பார்கள், ஆனால் முடிவு ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வராது, கேட்காதவர்களுக்குச் சொல்லமாட்டார்கள் என்று பேச்சு. சொந்த வீட்டு ரத்தம் என்பதால் எங்கள் குழாய்களை அக்கா தொடக்கூடாது, எங்கள் முடிவைத் திறக்கவும் கூடாது. நானும் நம்பிக் கையை நீட்டினேன்.

"வாங்க நார்மல்," என்பார் ஊசியக்கா. "முஷ்டிய மடக்குங்க. ராத்திரி தூங்கினீங்களா?"

"ராத்திரி எப்பக்கா தூங்கியிருக்கேன்?"

"அதுவும் சரிதான். நல்ல நார்மல் போங்க."

எல்லோரும் சாப்பிடும்போது தூங்குகிறவனுக்கு நார்மல் என்று பட்டப்பெயர். வழுக்கைத் தலையனைச் சுருட்டை என்று கூப்பிடுவது போலக் கிண்டல் என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்றைய கூட்டம், ஆய்வின் முடிவைக் குடும்பங்களுக்குச் சொல்வதற்காக. பேராசிரியர் நல்ல பேச்சாளர். எங்களுக்குப் புரியவேண்டும் என்று மெனக்கெட்டார். எலியைப் பற்றிச் சொன்னார், செல்லைப் பற்றிச் சொன்னார். மாமா திடீரென்று விழித்துக்கொண்டார்.

"அப்போ சார், முட்டை சாப்பிடலாமா கூடாதா?"

"தாராளமா சாப்பிடுங்க. சாப்பாட்டால வர நோய் இல்ல இது."

"அத முதல்லயே சொல்லியிருக்கலாம்," என்று மாமா மறுபடி கண்ணை மூடினார்.

"வேற கேள்வி?" என்றார் பேராசிரியர்.

அம்மாவின் வலது கை விருட்டென்று எழுந்தது.

"சொல்லுங்கம்மா."

"அது கேள்வி இல்ல சார்," என்றார் மாமா கண்ணைத் திறக்காமல். "அதுவா எழுந்துக்கும்."

அம்மா வாயைக் கூட்டிச் சேர்த்து, "எழுந்ததுதான் எழுந்துச்சு. ஒண்ணு கேட்டுக்கிறேன். டீ எப்போ?" என்றாள்.

அறையே சிரித்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள்.

அப்புறம் அந்தப் படம் திரையில் வந்தது. மூன்று கூட்டமாகப் புள்ளிகள். முதல் கூட்டம் நோய் வந்தவர்கள். இரண்டாவது, மரபணு இருந்தும் இன்னும் நோய் வராதவர்கள். மூன்றாவது, அதே குடும்பங்களில் பிறந்தும் அந்த மரபணு இல்லாதவர்கள். "இவங்கள நாங்க நார்மல்னு சொல்வோம்," என்றார். மூன்று கூட்டமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தன. ரத்தத்தில் மகாராணியின் அளவை வைத்து எதையும் சொல்ல முடியவில்லை, மூளைக்குள் நடப்பது ரத்தத்தில் தெரியவில்லை என்பதுதான் முடிவு. அத்தனை ஊசிக்கும் அதுதான் பலன். யாரும் எதிர்பார்த்து வந்திருக்கவில்லை, யாரும் ஏமாறவும் இல்லை.

நான் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். "தெரியாதவர்கள்" என்று நான்காவது கூட்டம் ஒன்று எங்கேயாவது இருக்கும், அதில் என் புள்ளி இருக்கும் என்று. இல்லை. பேராசிரியருக்கு எல்லோரையும் தெரிந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அப்படித்தானே பேச்சு.

சிவப்புப் புள்ளி மூன்றாவது கூட்டத்தில் போய் நின்றது.

"நல்லா எண்ணிப் பாத்தீங்கன்னா நார்மல்ல ஒரு ஆள் குறையும்," என்றார். கூட்டம் சோர்ந்துவிட்டதே என்று நினைத்திருப்பார், குரலில் ஒரு குஷி. "அது ஒரு கதை. காலைல வெறும் வயித்துல வந்து ரத்தம் குடுங்கன்னு எல்லாருக்கும் சொன்னோம். ஒருத்தரோட அளவு மட்டும் எங்க கணக்குக்குள்ளயே வரமாட்டேங்குது. ஒருதடவை மேல, ஒருதடவை கீழ. மண்டைய உடைச்சுக்கிட்டோம். அப்புறம் பாத்தா, மனுஷன் நைட் ஷிஃப்ட்! நமக்கு விடியறப்ப அவருக்கு ராத்திரி. டிரிப்டோஃபான் சமாச்சாரமெல்லாம் தூக்கத்தோட, சாப்பாட்டோட ஏறி இறங்கும். சரின்னு அவர ஆய்வுலேருந்து தூக்கிட்டோம். ஆள் நல்லாத்தான் இருக்காரு. நேரம்தான் சரியில்ல."

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். நல்ல ஜோக்தான்.

சிரித்து முடிப்பதற்குள் நின்றுவிட்டது.

ஜன்னலைப் பார்க்கிறவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். காத்திருப்பு அறையில் வருஷக்கணக்காகப் பார்த்த முகங்கள். ஒருத்தர் பள்ளிக்கூட வாத்தியார். ஒருத்தர் கண்ணாடிக் கடை. ஒரு பெண் வங்கியில் வேலை. ஒரு பெண் கைக்குழந்தைக்காரி. கோட்டு போட்டவன் நான் ஒருத்தன்.

கையைத் தூக்கினேன். அது நானே தூக்கியது.

"சார், ஆய்வுல நைட் ஷிஃப்ட்காரங்க எத்தனை பேர்?"

"ஒருத்தர்தான். அதனாலதான் சுலபமா தூக்க முடிஞ்சுது. அஞ்சாறு பேர் இருந்திருந்தா தனிக் குழுவே..."

அப்போதுதான் என் கோட்டைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது. சிவப்புப் புள்ளி திரையை விட்டு இறங்கி, சுவரில் ஏறி, மேலே ஒரு விளக்கில் போய் உட்கார்ந்தது. பெயர் சொல்லவில்லை, வயது சொல்லவில்லை, முகத்தைக் காட்டவில்லை. தூக்கியதற்குக் காரணத்தை மட்டும் சொல்லிவிட்டார். காரணம் சொல்லாமல் யாரையும் கணக்கிலிருந்து எடுக்கக்கூடாது என்று அவர்களுக்கு அப்படி ஒரு பழக்கம்.

அக்கா திரும்பவில்லை. அவள் பின்கழுத்தைத்தான் பார்த்தேன். தப்பு செய்து மாட்டிக்கொண்டால் அவள் கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

டீ வந்தது. எல்லோரும் வராந்தாவுக்குப் போனார்கள். பேராசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தம்பி, உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்," என்றார். நெற்றியெல்லாம் வேர்வை. அப்புறம் வருகிறேன் என்றேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. வாய் தவறிய மனுஷன்.

ஊசியக்கா பிஸ்கட்டை டீயில் முக்கிக்கொண்டிருந்தார். நடந்ததன் அர்த்தம் அவருக்கு உறைத்த மாதிரி தெரியவில்லை.

"என்ன நார்மல், உங்கள ஓரங்கட்டிட்டாங்களாமே?"

"அக்கா, எனக்கு இந்தப் பேர யார் வெச்சது?"

"எந்தப் பேரு?"

"நார்மல்."

"உங்கக்காதான். வேற யாரு வெப்பா?"

"எப்போ?"

"அதெல்லாம் பழைய கதை. புது மெஷின் வந்துச்சே, அந்த வருஷம். குழு பிரிச்சாங்க. உங்கக்கா உள்ளேருந்து ஓடிவந்து என்னக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க. 'என் தம்பி நார்மல், என் தம்பி நார்மல்'னு ஒரே அழுகை, ஒரே சிரிப்பு. எங்க எல்லாருக்கும் அவங்க செலவுல டீ. அன்னைலேருந்து எனக்கு நீங்க..." பிஸ்கட் உடைந்து டீக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "ஏன் தம்பி, உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். சும்மா கேட்டேன்."

"தெரியாமயா இத்தனை நாளு அந்தப் பேருக்குத் திரும்பிப் பாத்தீங்க?" என்றார், பயந்துபோன குரலில். பாவம், அவர் என்ன செய்வார்?

புது மெஷின் வந்தது எனக்கும் நினைவிருக்கிறது. அக்கா அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அது ஒரு மழைக்காலம். அதற்கு அடுத்த கோடையில்தான் கிடங்கில் சரக்குச் சரிபார்க்கிற பெண் என்னிடம் நேராகவே கேட்டாள். "என்னைக் கட்டிக்கிறீங்களா? இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க. வீட்ல வேற எடம் பாக்கிறாங்க. உங்களுக்காகக் குளிர்ல நின்னுட்டு இருக்க முடியாது." குளிர் அறைக்குள் நின்றுதான் கேட்டாள், வாயிலிருந்து புகை வந்தது. நான் முடியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். காரணம் இல்லை என்றேன். ஒரு பெண்ணுக்கு என்னைக் குளிப்பாட்டுகிற வேலையைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதை அவளிடம் சொன்னால், பரவாயில்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் காலையில் வாசலில் ஆள் மாறும்போது அக்காவிடம் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டி, "சரியாத்தான்டா பண்ணியிருக்க. ஒரு பொண்ணு வாழ்க்கைல விளையாடக் கூடாது," என்றாள். அப்புறம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

சொல்லும்போது அவளுக்குத் தெரியும். கட்டிப்பிடித்து அழுது, ஊருக்கெல்லாம் டீ வாங்கிக்கொடுத்து, ஒரு மழைக்காலம் முழுக்கத் தெரிந்துவைத்திருந்துவிட்டுச் சொன்னாள்.

மாமாதான் எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். கதவைத் திறக்கும்போது, "புதுப் பூட்டா?" என்றார்.

"அக்கா மாத்தினா. பழசு மக்கர் பண்ணுதாம்."

அம்மாவைக் கட்டிலில் போட்டு, பக்கத்தில் மெத்தைகளை அடுக்கினோம். அவள் தூங்கினால் மட்டும் உடம்பு அடங்கும். அப்போது பார்த்தால் ஒன்றுமே இல்லாத பெண் மாதிரி இருப்பாள். வெளியே வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு என் முதுகில் ஓங்கி ஒரு அறை.

"டேய்! உனக்கு இல்லையா? நிஜமாவா? அட மடையா, இது நல்ல சேதிடா! அத எதுக்குடா எழவு விழுந்த மாதிரி சொல்ற?"

"அவளுக்கு ரொம்ப நாளா தெரியும் மாமா."

"தெரிஞ்சா என்ன? இப்ப உனக்கும் தெரிஞ்சுபோச்சு. விடுதலையானவன் குதிச்சுக்கிட்டு வீட்டுக்கு ஓடுவானா, ஜெயிலர் சட்டையப் பிடிப்பானா?"

"விடுதலைன்னு எப்பவோ தீர்ப்பு வந்துடுச்சு. என்கிட்ட சொல்லாம உள்ளயே வெச்சிருந்தா."

மாமா கொஞ்ச நேரம் கார் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்தார். "அக்கா தம்பிக்குள்ள நான் வரல," என்று எழுந்தார். அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கை நடுங்காது. அவரை அந்த நோய் விட்டுவிட்டது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனாலேயே எங்களிடம் ரொம்ப நேரம் உட்காரமாட்டார்.

நான் தூங்கவில்லை. பகல் முழுக்க என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் கையை நீட்டி விரல்கள் ஆடுகின்றனவா என்று பார்ப்பது என் வழக்கம். பல் தேய்ப்பது மாதிரி. கோப்பை கைநழுவினால் அன்று முழுக்கப் பேசமாட்டேன். அக்காவுக்கு அது தெரியும். ஒருதடவை நான் தட்டைக் கீழே போட்டு உடைத்தபோது, அவள்தான் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். "ஒண்ணுமில்லடா, தூக்கமில்ல உனக்கு," என்றாள். எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாள்.

சாயங்காலம் வந்தாள். பையை வைத்தாள், கை கழுவினாள், அம்மாவுக்குக் கஞ்சி காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்," என்றாள். எதை என்று கேட்பாள், மழுப்புவாள் என்று தயாராக வந்திருந்தேன். அந்தத் தயாரிப்பெல்லாம் வீணாகிவிட்டது.

"ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான்டா வந்தேன். அன்னைக்கு பஸ் முழுக்க எப்படிச் சொல்றதுன்னு ஒத்திகை பாத்துக்கிட்டே வந்தேன். வந்தா நீ அம்மாவக் குளிப்பாட்டிட்டு இருந்த. அம்மா கை பட்டு உன் மூக்குல ரத்தம். நீ பாட்டுக்கு மூக்கத் துடைச்சுக்கிட்டு, என்னமோ சொல்லி அவங்களச் சிரிக்க வெச்சுக்கிட்டே தண்ணி ஊத்துற. நான் பாத்துட்டே நின்னேன். இவன் போயிட்டா இத யாரு செய்வான்னு தோணிச்சு. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

"நாளைக்கு."

"நாளைக்குன்னுதான்டா நினைச்சேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் நாளைக்குதான்."

"அந்தப் பொண்ணு கேட்டான்னு வந்து சொன்னேனே. அப்ப என்ன சொன்ன?"

கஞ்சியைக் கிளறினாள்.

"என்ன சொன்னன்னு கேக்கிறேன்."

"ஞாபகம் இருக்கு. திருப்பிச் சொல்லச் சொல்லாத."

"படிப்ப விட்டேன்."

"அது நான் பாக்கறதுக்கு முன்னாடி. அத என் தலைல போடாத." குரல் உயர்ந்தது. பிறகு தணிந்தது. "மத்ததப் போடு."

உள்ளேயிருந்து அம்மா, "யாரு கத்துறது?" என்றாள்.

"டிவிம்மா," என்றாள் அக்கா.

"டிவி... உன் குரல்லயா பேசுது?"

வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

"உன்னுத?" என்றேன்.

"பாக்கல."

"என்னுதத் திறக்க முடிஞ்சவளுக்கு..."

"பக்கத்துலயேதான் இருந்துச்சு. பாக்கல. உன்னுது நல்லதா வந்துடுச்சு. ரெண்டும் நல்லதா வருமா?"

ஆராய்ச்சி செய்கிறவள் பேசுகிற பேச்சா இது? தம்பிக்கு ஒரு காசைச் சுண்டினால், அக்காவுக்கு வேறு காசு. ஒன்று பூ விழுந்ததால் மற்றது தலை விழவேண்டும் என்று இல்லை. அதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். வீட்டில் இருந்த நல்லதெல்லாம் எனக்குத் தீர்ந்துவிட்டது, தனக்கு மிச்சமில்லை என்று அவளாகவே பங்கு பிரித்துவைத்திருக்கிறாள்.

"நீ போயிட்டா அம்மாவ யாருடா பாக்கிறது? அம்மாவுக்கு அப்புறம்..." என்று நிறுத்தினாள்.

"அம்மாவுக்கு அப்புறம்?"

"ஒண்ணுமில்ல. கஞ்சி அடிப்பிடிக்குது."

"உன்னை யாரு பாக்கிறது. அதானே?"

அடுப்பை அணைத்தாள், மேடையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். எனக்கு வைத்திருந்த வேலை அம்மாவோடு முடிவதில்லை என்று புரிந்துகொண்டேன். அம்மாவுக்காக என்னை உள்ளே வைத்திருந்தாள் என்றால்கூட ஒரு மாதிரி விழுங்கியிருப்பேன். அடுத்த நோயாளிக்கும் சேர்த்து ஆள் பிடித்து வைத்திருக்கிறாள். அதுவும் சம்பளம் இல்லாத, தானும் நோயாளியாகப் போகிறோம் என்று நம்புகிற ஆள். அப்படிப்பட்டவன் எங்கேயும் போகமாட்டான்.

"கேட்டிருந்தா இருந்திருப்பேன்," என்றேன். "உனக்கு இல்லடா, எனக்கு என்னன்னு தெரியல, கூட இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா."

"இருந்திருப்பியா?"

யோசித்தேன். பொய் சொல்ல அப்போது எனக்குத் தெம்பில்லை.

"தெரியல. ஆனா அது நான் முடிவு பண்ண வேண்டியது."

அம்மாவிடம் போனேன். கிளம்புகிற நேரம். அவள் என் கோட்டின் பொத்தானைப் பிடிக்க முயன்றாள். கை தப்பிக் கன்னத்தில் அடித்தது. அது தடவ வந்ததா, தள்ள வந்ததா என்று அவளாலும் சொல்ல முடியாது.

"காலைல... சீக்கிரம் வா," என்றாள். "இவ கஞ்சி... சகிக்கல."

தலையை ஆட்டினேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

அக்கா வாசல் வரை வந்தாள். அம்மா தவறி எழுந்து வெளியே வந்து படியில் உருண்டுவிடுவாள் என்பதால், யார் போனாலும் உள்ளே இருப்பவர் உடனே கதவைப் பூட்டிவிட வேண்டும். அது வீட்டு விதி. என்னிடம் இருந்த சாவியை அவளிடம் கொடுத்தேன். அவளுடைய சாவி ஏற்கனவே ஆணியில் தொங்கியது.

"இது எதுக்கு? இது உன்னுது."

"நாளைக்குக் காலைல வரமாட்டேன். நீ வேலைக்கு லீவு சொல்லிடு."

"எங்க போற?"

"தெரியல. நார்மலா இருக்கிறவங்க எங்க போவாங்களோ அங்க."

"டேய், மறுநாள்?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றேன். அவள் சொல்தான், அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன். அவள் முகம் சுருங்கியது. எனக்கு அதில் கொஞ்சம் திருப்தி இருந்தது, மறுக்கமாட்டேன்.

வெளியே வந்தேன். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். உள்ளே சாவி பூட்டில் பட்டது. நுழையவில்லை. துளையைச் சுற்றி உரசியது. ஒரு நிமிஷம் நின்று, மறுபடி உரசியது.

போன மாதம் போட்ட பூட்டு.

அழுதால்கூடக் கை நடுங்கும். ஆனால் அவள் அழவில்லை. அழுதால் மூக்கை உறிஞ்சுவாள், அது கதவைத் தாண்டிக் கேட்கும். இந்தச் சத்தமும் எனக்குத் தெரியும். மூன்று பூட்டுகளில் கேட்டிருக்கிறேன்.

இரண்டு படி திரும்ப ஏறினேன். "தள்ளு, நான் பூட்டுறேன்," என்று சொல்ல வாயெடுத்தேன். சாவி அவளிடம் இருந்தது. இரண்டும்.

உள்ளே அவளும் நின்றிருக்க வேண்டும். நான் நிற்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். படிச் சத்தம் கேட்கவில்லையே. பிறகு, இரண்டு கையாலும் பிடித்திருப்பாள் போல, சாவி ஒரே குத்தில் உள்ளே போனது. திரும்பியது. கதவு பூட்டிக்கொண்டது.